வேற்றூர் இளைஞனும் கோயில் யானையும்: நாவலில் அவலச் சிரிப்புக்கு எல்லை எது?

கேள்வி (கும்பகோணம்):
வங்காளத்திலிருந்து நாற்று நட வந்து, கோயில் யானைக்கு உதவிப் பாகனாகிவிடும் இளைஞனைப் பற்றி அவல நகைச்சுவை நாவல் எழுதி வருகிறேன். சங்கிலியில் நிற்கும் யானையை வைத்துச் சிரிக்கவைப்பது தகுமா?

மறுமொழி (மன்னார்குடி):
சிரிப்பு யானையின் மேல் விழாமல், அதைக் காட்டிப் பெருமை பேசுவோர் மேல் விழட்டும், ஐயா. காட்டில் நெடுந்தொலைவு நடந்து, நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தின்னும் உயிர், கல்தரையில் நின்று நின்றே பாதம் புண்ணாவதையும், பாகனின் தமிழ் ஆணைகள் அந்த இளைஞனுக்கு முன்பே யானைக்கு விளங்கிவிடுவதையும் விரிவாக எழுதுங்கள். நகைப்பும் வலியும் அங்கே தாமாகவே சேரும். எனக்கு அந்த இரண்டாவது காட்சியே நாவலின் உயிராகத் தோன்றுகிறது.

மறுமொழி (திருச்சி):
கதை நடக்கும் ஆண்டையும் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கான தனி விதிகள் 2011இல் வந்தன. எங்கள் ஊருக்கு அருகே எம்.ஆர். பாளையத்தில் யானைகள் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது.