கச்சான் காற்றுக்கு முன்னம்

குழு: தம்பலகாமம் வீடு
சனிக்கிழமை

கஜன், மாலை 7.06
(படம்) உள்ளங்கையில் இருப்பது என்ன? கூகிள் பார்க்காமல் சொல்லுங்கள்.

சுதா சித்தி, 7.07
கடுகு.

சுதா சித்தி, 7.07
கடுகேதான். தினமும் தாளிக்கிற எனக்குத் தெரியாதா?

மாஸ்டர் மாமா, 7.09
எலிப்புழுக்கை.

அம்மா, 7.09
முதலில் கையைக் கழுவு தம்பி. நகமெல்லாம் ஒரே கறுப்பு.

கஜன், 7.11
சித்திக்குப் பாதிப் புள்ளி. கடுகின் ஒன்றுவிட்ட சகோதரம் இது, பெயர் கனோலா. ஆடி மாதம் மஞ்சள் மஞ்சளாய் ஒரு வயல் படம் போட்டேனே, அந்தப் பூவின் விதை. இப்போது அறுவடை. நான் தானிய லொறி ஓடுகிறேன்.

வாசுகி அக்கா, 7.12
அதைச் சூரியகாந்தி என்று நினைத்து ஸ்டேட்டஸ் போட்டேன். 40 பேர் லைக் பண்ணினார்கள், ஒருவர்கூடத் திருத்தவில்லை.

அம்மா, 7.13
அங்கே இப்போது காலையா, இரவா?

கஜன், 7.14
காலை ஏழே முக்கால் அம்மா. கனடாவில் இந்தச் சஸ்கச்சுவான் மாகாணத்தில் மணிக்கூட்டை மாற்றுவதில்லை. கோடையோ குளிரோ, எப்போதும் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால்தான் நிற்போம். பனி காயும் வரை மெசின் இறங்காது, அதனால்தான் சும்மா இருக்கிறேன். பிறகு நடுச்சாமம் வரை ஓட்டம்.

பெரியப்பா, 7.20
தம்பி, ஏக்கருக்கு எவ்வளவு விதை போடுகிறார்கள்?

சுதா சித்தி, 7.20
ஆ, அத்தான் வந்துவிட்டார்! இனி நாங்கள் வாய் திறக்க இடமில்லை.

கஜன், 7.22
ஏறத்தாழ ஐந்து இறாத்தல் பெரியப்பா. ஆழம் அரை அங்குலத்தில் இருந்து ஒரு அங்குலம் வரை. அதற்குக் கீழே போனால் முளை மேலே வரக் கஷ்டப்படும். வைகாசியில் விதைப்பார்கள்.

பெரியப்பா, 7.25
எள்ளுக்கு நான் ஏக்கருக்கு மூன்று கிலோ வரை போடுவேன். மணலில் கலந்துதான் விசிற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கட்டாந்தரை. உன் முதலாளி எத்தனை ஏக்கர் செய்கிறார்?

கஜன், 7.26
குவாட்டர் கணக்கு. ஒரு குவாட்டர் என்றால் 160 ஏக்கர். முதலாளியிடம் கனோலா மட்டும் ஒன்பது குவாட்டர்.

மாஸ்டர் மாமா, 7.27
ஒன்பதுதர 160, 1440. ஒரே ஆள்!

பெரியப்பா, 7.28
ஒரு ஏக்கரில் என்ன வரும்?

கஜன், 7.29
40 புசல் வந்தால் பரவாயில்லை என்பார்கள்.

பெரியப்பா, 7.30
அங்கேயும் புசலா! நெல்லுப் புசல் 46 இறாத்தல். அதுவும் அதேதானா?

கஜன், 7.31
கனோலாவுக்கு 50 இறாத்தல். கிலோவில் 22.7. அப்படியென்றால் ஏக்கருக்கு 900 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதில் நூற்றுக்கு 43, 44 பங்கு எண்ணெய்.

பெரியப்பா, 7.32
எண்ணெயில் எள்ளுக்குக் கிட்ட வராது. எள்ளில் சரிபாதி எண்ணெய்.

கஜன், 7.38
பெரியப்பா, இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். (படம்) நூறு விதையை ஒரு பட்டியில் ஒட்டி, உருளையால் நசுக்கியது. நல்லாய் முற்றிய விதை வெளியே கறுப்பாய் இருந்தாலும் உள்ளே மஞ்சள். மூன்றாம் வரியில் இரண்டு பச்சைப் புள்ளி தெரிகிறதா? நூறில் இரண்டுக்கு மேல் அப்படிக் கடும் பச்சை வந்தால் முதல் தரம் போய்விடும். எண்ணெயும் பச்சை அடிக்கும்.

பெரியப்பா, 7.41
தெரிகிறது. அவசரப்பட்டு வெட்டினால் பச்சை. பிந்தினால்?

கஜன், 7.42
காய் வெடித்துக் கொட்டிவிடும்.

பெரியப்பா, 7.42
அப்படிச் சொல்லு. கீழ்க்காய் முதலில் முற்றுமா, மேல்க்காயா?

கஜன், 7.43
கீழ்க்காய்தான். கீழே கறுத்திருக்கும்போது நுனியில் இன்னும் பச்சை.

பெரியப்பா, 7.47
அப்போது அது எள்ளேதான். பெயரும் பூவும் வேறு, அவ்வளவுதான். எள்ளிலும் அடிக்காய் வாய் திறக்கப் பார்க்கும், நுனியில் பூ இருக்கும். நுனிக்குப் பொறுத்தால் அடி போய்விடும், அடியைக் காக்க வெட்டினால் நுனி சுருங்கிவிடும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதை வயலுக்குள் நின்றுதான் சொல்லலாம். அவர் எப்படிப் பார்க்கிறார்?

கஜன், 7.52
நடுத்தண்டில் உள்ள காய்களைப் பிரித்து விதையைப் பார்ப்பார். நூறில் அறுபது நிறம் மாறியிருந்தால் வெட்டி வரிசையாய்க் கிடத்திவிடுவார்கள். பத்துப் பதினைந்து நாள் கிடந்து காய்ந்த பிறகு மெசின் பொறுக்கி அடிக்கும். இப்போது இலகுவில் வெடிக்காத காய் உள்ள இனங்கள் வந்துவிட்டன. அதை நின்றபடியே வெட்டி அடிக்கலாம். இவர் பாதியை அப்படி விட்டிருக்கிறார். மற்றப் பாதியில் இன்னும் ஒரு குவாட்டர் வெட்டாமல் நிற்கிறது.

பெரியப்பா, 7.53
வெட்டிக் கிடத்துவது நாங்கள் கட்டுக் கட்டி நிமிர்த்தி வைப்பது போல. நாங்கள் பிறகு படங்கு விரித்துத் தலைகீழாய்த் தட்டுவோம். அங்கே என்ன அவசரம், மழையா?

கஜன், 7.54
உறைபனி. புரட்டாசி தொடங்கவே ஒரு இரவில் வந்துவிடும். பச்சை விதையில் பனி பட்டால் அந்தப் பச்சை அப்படியே பூட்டிக்கொள்ளும், பிறகு மாறாது. முதலாளி சாப்பிடும்போதும் காலநிலைதான் பார்க்கிறார்.

மாஸ்டர் மாமா, 8.01
இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது மருமகன். இதன் பழைய இனத்து எண்ணெய் நீராவிக் கப்பல் இயந்திரங்களுக்குப் பூசத்தான் பேர்போனது. ஈரமான உலோகத்திலும் ஒட்டி நிற்கும். இரண்டாம் உலகப் போரில் கிடைக்காமல் போகவே, கனடா தானே பயிரிடத் தொடங்கியது. அதே போரில்தான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் நம் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் குண்டு போட்டான்.

சுதா சித்தி, 8.02
கப்பலுக்குப் பூசின எண்ணெயையா இப்போது பொரிக்கச் சொல்கிறார்கள்?

கஜன், 8.06
அது வேறு, இது வேறு சித்தி. பழையதில் எரூசிக் அமிலம் என்று ஒன்று அதிகம், பிண்ணாக்கும் மாட்டுக்குக் கைக்கும். மனிற்றோபாவில் ஸ்டெபான்சன், சஸ்கற்றூனில் டவுனி என்ற இரண்டு பேரும் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து அதைக் குறைத்தார்கள். இரண்டும் குறைந்த முதல் இனம் 1974இல் வந்தது. கனோலா என்ற பெயர் 1978இல்தான் வைத்தார்கள், கனடாவில் இருந்து 'கன'. இப்போது அந்த அமிலம் நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே.

அம்மா, 8.07
என்னவோ. தோசைக்கு நல்லெண்ணெய், மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய்.

பெரியப்பா, 8.10
தம்பி, ஒரு பிடி விதை அனுப்பு. மேட்டுக்காணியில் ஒரு மூலையில் போட்டுப் பார்ப்போம்.

கஜன், 8.13
அனுப்ப ஏலாது பெரியப்பா. அனுமதி இல்லாமல் விதை அனுப்பினால் பிடிப்பார்கள். இங்கேயே எடுத்து வைத்து மறுவருடம் விதைக்கக் கூடாது, கையெழுத்து வாங்கித்தான் விதை தருகிறார்கள். அதைவிட, பூக்கிற நேரம் 30 பாகைக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூ காய் பிடிக்காமல் உதிரும். உங்கள் ஆனி வெயிலுக்குப் பூவோடு போய்விடும்.

பெரியப்பா, 8.14
ஓம், அங்கேயே நிற்கட்டும்.

மாஸ்டர் மாமா, 8.15
விலை எப்படி?

கஜன், 8.17
அதைக் கேட்காதீர்கள் மாமா. 2025 ஓகஸ்டில் சீனா கனோலா விதைக்கு 75.8 சதவீதம் வரி போட்டது. அதுவும் அறுவடை தொடங்குகிற நேரம் பார்த்து.

பெரியப்பா, 8.18
சூடு மிதிக்கிற அன்றுதான் நெல் விலை இறங்கும். எங்கும் அதுதான்.

கஜன், 8.24
சரி, ஒரு வேடிக்கை. இந்த விதை தண்ணீர் மாதிரி. லொறிக் கதவில் ஊசி போகிற இடைவெளி இருந்தாலும் றோட்டெல்லாம் கோடு போடும். ஓட்டம் தொடங்க முன்னம் ஒவ்வொரு மூலைக்கும் ஒட்டுநாடா ஒட்டுகிறோம். நிலத்தில் கொட்டினால் சறுக்கும், நேற்று நான் இரண்டு தரம் விழுந்தேன். விதை சேமிக்கிற தொட்டியை இங்கே 'பின்' என்பார்கள், அது நம் சீனன்குடா மா ஆலைச் சைலோவின் குட்டி மாதிரி. நிரப்பிய தொட்டிக்குள் மட்டும் இறங்கக் கூடாது, ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

அம்மா, 8.24
நீ இறங்காதே.

கஜன், 8.25
இறங்கவில்லை அம்மா. ஈரமும் நூற்றுக்கு எட்டுக்குள் இருக்க வேண்டும். உள்ளே போட்ட பிறகும் ஆறு கிழமை வரை வியர்க்கும். காற்றாடி போட்டு ஆற்றாவிட்டால் சூடேறிக் கருகிவிடும்.

பெரியப்பா, 8.27
காயாத எள்ளை மூடையில் கட்டினாலும் புழுங்கும். கையை உள்ளே விட்டால் சுடும்.

கஜன், 8.28
இந்த வருடம் எள்ளு எப்படி பெரியப்பா? நீங்கள் ஒன்றும் சொல்லவே இல்லையே.

பெரியப்பா, 8.33
வந்தது.

கஜன், 8.33
எத்தனை மூடை?

பெரியப்பா, 8.36
நாலு.

மாஸ்டர் மாமா, 8.37
நாலா? போன முறை அதே காணியில் பதினொன்று என்றீர்களே அண்ணை.

பெரியப்பா, 8.41
கச்சான் காற்று. அந்தத் தென்மேற்குச் சுடுகாற்றுக்கு முன்னம் வெட்டியிருக்க வேண்டும், ஐந்து நாள் பிந்திவிட்டது. போய்ப் பார்க்க நிலமெல்லாம் எள்ளு, காய் எல்லாம் வெறும் வாய். தண்டை அசைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

கஜன், 8.42
எங்கள் எல்லாருக்கும் நாள் பார்த்துச் சொல்கிற நீங்கள் ஏன் ஐந்து நாள் விட்டீர்கள்?

வாசுகி அக்கா, 8.44
எந்த மாதம் பெரியப்பா?

பெரியப்பா, 8.44
அதை விடு பிள்ளை.

வாசுகி அக்கா, 8.45
ஆனி மூன்றாம் கிழமைதானே, என் கலியாணம். உவர்மலை மண்டபத்தில் பந்தல்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பொன்னுருக்கில் இருந்து நாலாம் சடங்கு வரை எங்கள் வீட்டில்தான் படுத்தீர்கள்.

அம்மா, 8.47
அத்தான், ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆள் பிடித்து வெட்டியிருக்கலாமே.

பெரியப்பா, 8.52
ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வேறு வயலில் கூடக் காசு கிடைக்கப் போய்விட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல ஏலாது. என் தம்பி, உங்கள் அப்பா, இருந்திருந்தால் அவன் பந்தலைப் பார்த்திருப்பான், நான் வயலைப் பார்த்திருப்பேன். அவன் இல்லாத கலியாணத்தில் நானும் இல்லாவிட்டால் யார் நிற்பது? எள்ளு அடுத்த வருடமும் விளையும்.

சுதா சித்தி, 8.53
நான் வேறு மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத்துக்கு எள்ளு காணாது என்று அத்தானிடமே சத்தம் போட்டேன். ஐயோ.

பெரியப்பா, 8.54
ஓம், அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வந்தது.

வாசுகி அக்கா, 9.02
அடுத்த முறை வெட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். லீவு போடுகிறோம்.

பெரியப்பா, 9.03
உன் புருசனுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியுமா?

வாசுகி அக்கா, 9.03
எக்செல் தெரியும்.

கஜன், 9.05
பெரியப்பா, கொட்டின எள்ளை என்ன செய்தீர்கள்?

பெரியப்பா, 9.06
என்ன செய்ய. குருவிக்குக் கொஞ்சம், எறும்புக்குக் கொஞ்சம். மிச்சம் ஐப்பசி மழைக்கு முளைக்கும், உழுது மறைக்க வேண்டியதுதான்.

கஜன், 9.08
இங்கேயும் அதுதான் தலையிடி. போன முறை கொட்டின கனோலா இந்த வருடம் கோதுமைக்குள் மஞ்சளாய்ப் பூத்து நின்றது. சரி, முதலாளி கூப்பிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை

கஜன், காலை 11.20
(படம்) இங்கே இரவு பன்னிரண்டாகப் பத்து நிமிடம். கடைசி லொறி. வெளிச்சத்தில் புகை மாதிரித் தெரிவது உமித் தூசி.

கஜன், 11.22
(படம்) பெரியப்பாவுக்கு. வெட்டாமல் நிற்கிற குவாட்டர், நடுத்தண்டுக் காய்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 100இல் 54 மாறியிருக்கிறது. முதலாளி புதன்கிழமை என்கிறார். செவ்வாய் இரவு பனி என்று போட்டிருக்கிறான்.

பெரியப்பா, 11.40
கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அடிக்காய் தயார். நான் என்றால் திங்கள் வெட்டுவேன்.

கஜன், 11.41
விடியச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெரியப்பா, 11.43
திங்கட்கிழமை அவர் வீட்டில் கலியாணம் ஒன்றும் இல்லைத்தானே?