லிவர் ஆபரேஷனுக்கு முன்னாடி இத்தனை ஸ்கேன் தேவையா?

திருச்சி_மணி:
அப்பாவுக்கு 62 வயசு. போன வருஷம் பெருங்குடல் கேன்சர்னு ஆபரேஷன் ஆச்சு, இப்ப லிவர்ல ரெண்டு இடத்துல பரவியிருக்குன்னு சிடி ஸ்கேன்ல வந்து நாலு சைக்கிள் கீமோ முடிஞ்சிருக்கு. சர்ஜன் வெட்டி எடுத்துரலாம்னு நம்பிக்கையா சொல்றாரு, ஆனா அதுக்கு முன்னாடி எம்ஆர்ஐ எடுக்கணுமாம், பெட் ஸ்கேனும் எடுத்தா நல்லதாம், அப்புறம் லிவர் வால்யூம் பாக்கணுமாம். சித்தப்பா இதெல்லாம் பில்லை ஏத்துற வேலைங்கிறாரு. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_செல்வி:
தம்பி, எங்கம்மாவுக்கும் இதே கதைதான். சிடில மூணு கட்டி. எம்ஆர்ஐ எடுத்தா அஞ்சு. லிவருக்குன்னே ஒரு கான்ட்ராஸ்ட் ஊசி இருக்கு, அதைப் போட்டு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு கடைசிப் படம் எடுப்பாங்க, நல்ல லிவர் செல் மருந்தை உறிஞ்சி வெள்ளையா தெரியும், பரவின கேன்சர் உறிஞ்சாது, கறுப்புப் பொட்டு மாதிரி நிக்கும். உள்ள "மூச்சை இழுங்க, விடுங்க, பிடிங்க"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க, அம்மா நடுவுல இருமிட்டாங்க, ஒரு செட் படம் கலங்கிப்போய் திரும்ப எடுத்தாங்க. அதனால அப்பாவை வீட்டுலயே மூச்சுப் பிடிச்சுப் பழகச் சொல்லுங்க. எம்ஆர்ஐ மட்டும் விடாதீங்க.

ஃபிலிம்_ரூம்:
ரேடியாலஜில டெக்னீஷியனா இருக்கேன், டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுட்டுப் படிங்க சகோ. கட்டி எத்தனைங்கிறதை விட வெட்டுனதுக்கப்புறம் எவ்வளவு லிவர் மிஞ்சும்கிறதுதான் பெரிய கேள்வி. அதுக்குத்தான் வால்யூம், சிடி படத்துலயே கோடு போட்டு கம்ப்யூட்டர்ல கணக்கு பண்ணுவாங்க. ஆரோக்கியமான லிவர்னா 20 சதவீதமாவது மிஞ்சணும், ரொம்ப நாள் கீமோ ஓடின லிவர்னா 30, சிரோசிஸ், அதாவது லிவர் தழும்பேறி இறுகிப்போயிருந்தா 40ன்னு பொதுவா வச்சிருக்காங்க. பத்தலைன்னா வெட்டப்போற பக்கத்துக்குப் போற போர்ட்டல் ரத்தக்குழாயை அடைச்சுட்டு சில வாரம் காத்திருப்பாங்க, மத்த பக்கம் வளர்ந்துரும். திரும்ப சிடி எடுத்து வளர்ந்திருக்கான்னு பாத்துட்டுதான் கத்தி வைப்பாங்க.

பெட் ஸ்கேன் விஷயத்துல உங்க சித்தப்பா கேக்கறது முழுசா தப்பில்ல. கனடாவுல 404 பேரை வச்சு பண்ணின ஆய்வு 2014ல வந்துச்சு, பெட் எடுத்ததால ஆபரேஷன் திட்டம் மாறினது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். அதுவும் கீமோ முடிஞ்ச கையோட எடுத்தா கட்டி அடங்கிப்போய், பெட்டுக்கு ஊசில போடற சர்க்கரை மருந்தை இழுக்காது, இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். நுரையீரல்லயோ வேற எங்கயோ சந்தேகம் இருந்தா எடுக்கறதுல அர்த்தம் இருக்கு. "இதுல என்ன வந்தா ஆபரேஷன் வேணாம்பீங்க?"ன்னு சர்ஜன்கிட்ட நேரா கேளுங்க, பதில்லயே தெரிஞ்சுரும்.

இன்னொன்னு, கீமோக்கு முன்னாடி எடுத்த சிடி ஸ்கேனோட டிஸ்க் இருக்கா? ரிப்போர்ட் பேப்பர் இல்ல, படம் இருக்கற டிஸ்க். கீமோல கட்டி ஸ்கேன்லருந்து மறைஞ்சு போகலாம், ஆனா மறைஞ்ச எடத்துல உயிரோட செல் இருக்க வாய்ப்பு இருக்கு. பழைய படம் இல்லாட்டி சர்ஜனுக்கு எங்க தேடணும்னே தெரியாது. ஆபரேஷன் டேபிள்லயும் லிவர் மேலயே அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாப்பாங்க, அப்பவும் பழைய படம்தான் வழிகாட்டி.

கோவை_செல்வி:
ஆமா அந்த டிஸ்க்!! நாங்க தொலைச்சுட்டு ஸ்கேன் சென்டருக்கு ரெண்டு நாள் அலைஞ்சோம்.

திருச்சி_மணி:
ரொம்ப நன்றி அக்கா, சகோ. டிஸ்க்கைத் தேடினேன், பீரோ மேல கல்யாணப் பத்திரிகைக் கட்டோட கிடந்துச்சு, கவர்ல மார்ச் தேதி, கீமோக்கு முன்னாடி எடுத்ததேதான். எம்ஆர்ஐக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கிட்டேன். பெட் பத்தி நீங்க சொன்ன கேள்வியை அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன், சித்தப்பாவையும் கூடவே கூட்டிட்டுப் போறேன், அவரே கேக்கட்டும்.