சனம் நாட்டை விட்டுப் போனதுக்கு அரசாங்கம் பொறுப்பில்லையோ?

வன்னிக்காரன்:
2022ல மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல வேலைக்கெண்டு பதிஞ்சு இலங்கையை விட்டுப் போயிருக்கினம், அதை "அவையவையின்ர விருப்பம்" எண்டு சிலபேர் கதைக்கிறதைக் கேக்க வயிறு எரியுது. பத்தரமுல்லையில பாஸ்போட்டுக்கு இரவிரவா கியூவில நிண்ட சனம் ஊர் சுத்திப் பாக்கவோ நிண்டது? 2019 டிசம்பரில வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்குக் குறைச்சது ஆர்? 2021ல இரசாயன உரத்தைத் திடீரெண்டு தடை செய்து கமக்காரனை நடுத்தெருவில விட்டது ஆர்?

கணக்கர்:
அண்ணை கோவிக்காதேங்கோ, எல்லாத்தையும் கோட்டாபய ராஜபக்ச ஆட்சியின்ர தலையில மட்டும் போடேலாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டோட சுற்றுலா படுத்திட்டுது, அடுத்த வருசம் கொரோனா. வெளிநாட்டுச் சந்தையில கடன் பத்திரம் வித்து எடுக்கிற சர்வதேச பிணைமுறிக் கடன் 2007ல தொடங்கினது, பிறகு வந்த ஆட்சியளும் எடுத்ததுதான். வரி குறைச்ச நேரம் வியாபாரிமார் எல்லாம் சந்தோசப்பட்டவை. மத்திய கிழக்குக்குச் சனம் போறதும் புதுசில்லை. வேலையின்மை கூட 2022ல 5 வீதத்துக்குக் கீழதான்.

தாரணி:
அந்த 5 வீதக் கதையை விடுங்கோ. கணக்கெடுக்கிற கிழமையில ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே வேலையுள்ள ஆள். சீமெந்து விலை ஏறி வேலை நிண்டு, கிழமையில ஒருநாள் கூலிக்குப் போன மேசனும் வேலையுள்ளவர், கட்டாருக்குப் போனவர் கணக்கிலயே இல்லை. 2022 ஜூனில அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது, அரச ஊழியர் 5 வருசம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் பென்சனும் பாதிக்காது எண்டு. சம்பளச் செலவும் மிச்சம், டொலரும் வரும் எண்டு பாத்துத்தான் அனுப்பினது. சனம் தானாப் போனதெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?

கணக்கர்:
காஸுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாம 2022 ஏப்ரல் 12ந் திகதி வெளிநாட்டுக் கடனை இப்ப கட்டேலாது எண்டு அறிவிச்ச நாடு தங்கச்சி, வேற என்ன வழி இருந்தது? 2023ல போனவை அனுப்பின கிட்டத்தட்ட 600 கோடி டொலர் இல்லையெண்டா கடையில சாமானே இருந்திராது.

வன்னிக்காரன்:
2022ல 380 கோடி தானே வந்தது, ஏன் எண்டு யோசிச்சனீங்களோ? மத்திய வங்கி டொலரை 203 ரூபாவில கட்டிப் பிடிச்சு வச்சிருக்க வெளியில அதைவிடக் கூடக் குடுத்தாங்கள், சனம் வங்கிக்கு வெளியில ஆள்மாறிக் காசு குடுக்கிற உண்டியலில அனுப்பப் பழகிட்டுது. 2023 நவம்பரில உயர் நீதிமன்றமே கோட்டாபய, அவரின்ர சகோதரங்கள் மஹிந்த, பசில், மத்திய வங்கியின்ர முன்னாள் ஆளுநர் கப்ரால் எண்டு பேர் சொல்லி, பொதுமக்கள் நம்பிக்கையை மீறினவை எண்டு தீர்ப்புக் குடுத்திருக்கு. இதுக்குப் பிறகும் கொரோனாவைச் சொல்லாதேங்கோ.

கணக்கர்:
தீர்ப்பை நான் மறுக்கேல்லை. ஆனா டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் கூடப் போனது 2023 ஜனவரியில மாதம் 1 லட்சத்துக்கு மேல உழைச்சா வரி, 36 வீதம் வரைக்கும் எண்டு வந்தாப்பிறகு, அப்ப இருந்தது வேற ஜனாதிபதி. வரியைக் கூட்டினா ஓடுகினம், குறைச்சா நாடு கவிழுது. இலவசக் கல்வியில டொக்டராகினவைக்கு ஒரு கடமையும் இல்லையோ?

தாரணி:
எங்கட பக்கத்து ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் போனாப்பிறகு ஒப்பரேசன் திகதி தள்ளிக்கொண்டே போகுது, ஹேர்னியாவோட ஒரு ஐயா மாதாமாதம் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டிட்டுத் திரும்பிப் போறார். அவரைப் பாக்க நெஞ்சு வலிக்குது, எண்டாலும் போன டொக்டரைத் திட்ட எனக்கு மனம் வரேல்லை, ஒரு பக்கம் வீட்டுக்கடன் வட்டி ஏறி மற்றப் பக்கம் சம்பளத்தில வரி வெட்டினா அந்த மனுசன் என்ன செய்யும்?

கடலோடி:
நான் ருமேனியாவில இருந்து எழுதுறன். கார்மென்ட்ஸில ஓடர் இல்லையெண்டு எங்களை நிப்பாட்டினாப்பிறகு அம்மாவின்ர நகையை அடைவு வச்சு ஏஜென்சிக்குக் கட்டினன். என்னை ஒருத்தரும் பிடிச்சுத் தள்ளேல்லை, கணக்கர் அண்ணை சொல்றது அதில சரி. ஆனா இருக்கிறதுக்கு ஒரு வழியும் ஒருத்தரும் காட்டேல்லை. காசு அனுப்புங்கோ எண்டு கேட்ட அரசாங்கம், திரும்பி வந்தா என்ன வேலை எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. 2022ல 5 வருச லீவில போனவைக்கு 2027ல லீவு முடியுது, அவைக்கும் எங்களுக்கும் என்ன ஆயத்தம் நடக்குது எண்டதை இப்ப இருக்கிற ஆட்சியிட்டயும் கேளுங்கோ.