ரோபோ வண்டிக்கு 9 வோல்ட் பேட்டரி போதுமா? (பக்கத்து இழையிலிருந்து தொடர்கிறது)

சாலிடர்சாமி: பக்கத்து இழையில் நம்ம கரும்பலகை சார் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற ரெண்டு மோட்டார் வண்டிக்கு ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி தாராளமாகப் போதும். மற்றதெல்லாம் காசைக் கரியாக்குகிற வேலை." அதற்குக் கைதட்டல் வேறு. சார், அது மல்டிமீட்டருக்குள் போடுகிற சாமான். மஞ்சள் பிஓ மோட்டார், அதான் பல்சக்கரப் பெட்டியோடு வருகிற சின்ன பிளாஸ்டிக் மோட்டார், ஒன்று 6 வோல்ட்டில் சும்மா சுற்றவே 150 மில்லியாம்பியர் பக்கம் கேட்கும். சுவரில் முட்டி நின்றால் ஒரு ஆம்பியரைத் தாண்டும். இரண்டு மோட்டார். மலிவு கார்பன் பேட்டரியின் உள்தடையை, அதாவது கரண்ட் இழுத்தால் வோல்டேஜை உள்ளேயே தின்கிற தடையை, ஒருமுறை அளந்து பாருங்கள். கணக்கு வாத்தியாருக்கு ஓம் விதி தெரியும்தானே?

கரும்பலகை: நான் அறிவியல் வாத்தியார். கணக்கு இல்லை. நிதி ஆயோக் பணத்தில் பிள்ளைகள் செய்து பார்க்க அமைத்த எங்கள் பள்ளி அடல் ஆய்வகத்தில் அந்தச் சதுர பேட்டரியில்தான் வண்டி ஓடியது. கண்காட்சியில் பரிசும் வாங்கியது. ஓம் இருந்திருந்தால் அவரே வந்து கைதட்டியிருப்பார்.

சாலிடர்சாமி: எவ்வளவு நேரம் ஓடியது?

கரும்பலகை: பரிசு கொடுக்கிற வரைக்கும்.

மின்மினி டீச்சர்: ஒரு நிமிஷம். 'ஓடியது' என்று எதைச் சொல்கிறீர்கள்? கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுகிறதே, அதுவா? தரையில் வைத்துக் கறுப்புக் கோட்டைப் பிடித்து வளைவில் திரும்புகிறதே, அதுவா? இதை முதலில் பேசிக்கொள்ளலாமே.

சாலிடர்சாமி: அதெல்லாம் அப்புறம் டீச்சர். போதாது என்பதுதான் விஷயம்.

என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். வண்டியைத் தரையில் வைப்பான் பையன். ஒரு துள்ளு துள்ளும், நிற்கும். மறுபடி ஒரு துள்ளு. குனிந்து வண்டியின் மூளையான ஆர்டுயினோ போர்டைப் பார்த்தால் பச்சை விளக்கு மங்கி மறுபடி எரியும். மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் பையன் என்ன செய்வான்? நிரலில் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கெடுப்பான். பீரியட் முடிந்துவிடும். "எனக்கு கோடிங் வராது" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வான். பேட்டரி செய்த தப்புக்குப் பிள்ளை பழி சுமக்கிறான். போதாக்குறைக்கு நடுவில், போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற எல்298 டிரைவர் வேறு. அது பழைய இருமுனை டிரான்சிஸ்டர் ரகம். இரண்டு வோல்ட் அங்கேயே சூடாகப் போய்விடும். போதாது. போதவே போதாது.

ரிச்சித்தெருவாசி: 2026-லும் எல்298-ஆ! டிபி6612 டிரைவர் போடுங்கப்பா. மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ரகம், இழப்பு ரொம்பக் கம்மி, அளவும் சின்னது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

சாலிடர்சாமி: கிடைக்கும். பிள்ளைகள் கையில் தாங்குமா? எல்298 போர்டில் திருகி மாட்டுகிற டெர்மினல் இருக்கிறது. உங்கள் டிபி6612-க்கு முதலில் பின் வரிசையைப் பற்றவைக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் நாற்பது பேருக்கு நீர் வந்து பற்றவைத்துத் தருவீரா?

ரிச்சித்தெருவாசி: பெயர் மட்டும் சாலிடர்சாமி.

சாலிடர்சாமி: தம்பி, போன வருஷம் சொன்ன கோணத்துக்குத் திரும்புகிற சர்வோ மோட்டார் மூன்றை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலேயே கொடுக்கலாம் என்று எழுதியது யார்? அந்த இழை இன்னும் இருக்கிறது. லிங்க் வேண்டுமா?

ரிச்சித்தெருவாசி: அது சின்ன சர்வோ. சுமை இல்லாமல். வேண்டுமென்றே பாதியை மறைக்கிறீர்கள் அண்ணே. எதற்கு இதெல்லாம், இரண்டு 18650 லித்தியம் செல் தொடராகப் போட்டால் கதை முடிந்தது.

மின்மினி டீச்சர்: வகுப்பில் லித்தியமா? பிள்ளைகள் தோல் உரித்த வயரை டவுசர் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத செல் ஷார்ட் ஆனால் யார் பொறுப்பு? நான் ஆறு ஏஏ செல் போடுகிற ஹோல்டர்தான் வாங்குகிறேன். அதுவும் கூட்டினால் 9 வோல்ட்தான், ஆனால் செல் பெரியது, மோட்டார் கேட்கிற கரண்ட்டைக் கொடுக்கும்.

கரும்பலகை: பார்த்தீர்களா! 9 வோல்ட் போதும் என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

மின்மினி டீச்சர்: நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்!

கரும்பலகை: "9 வோல்ட்தான்" என்று எழுதியது நீங்கள்தானே டீச்சர்? நான் சொன்னதும் 9 வோல்ட்.

சாலிடர்சாமி: சதுர பேட்டரி என்று சொன்னீர் ஐயா. சதுரம். பேச்சை மாற்றாதீர். நிதி ஆயோக் ஒரு ஆய்வகத்துக்கு 20 லட்சம் வரை கொடுக்கிற திட்டத்தில் செல் ஹோல்டர் வாங்கக் காசு இல்லையா?

கரும்பலகை: அதில் 10 லட்சம் ஆய்வகம் அமைக்க. மீதி ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து, அதுவும் கணக்குக் காட்டினால்தான். ஒரு வயர் வாங்க எத்தனை தாள் எழுத வேண்டும் என்று வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ரோபோ செய்கிறவருக்கு எங்கே தெரியும்? சதுர பேட்டரி பள்ளிக்கு எதிர்க்கடையில் கிடைக்கிறது. பையன் ஓடிப்போய் வாங்கி வருவான்.

சாலிடர்சாமி: மொட்டைமாடிதான். ஆனால் என் வண்டி ஓடுகிறது.

புதுவரவு_77: வணக்கம். என் வண்டி நேராகப் போகச் சொன்னால் இடப்பக்கமே இழுக்கிறது. இதுவும் பேட்டரி பிரச்சினையா?

சாலிடர்சாமி: என்ன பேட்டரி?

புதுவரவு_77: ஏஏ செல் ஆறு.

மின்மினி டீச்சர்: இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது தம்பி. டிரைவர் போர்டில் ஈஎன்ஏ, ஈஎன்பி என்ற பின்களில் மாட்டியிருக்கிற ஜம்பர் மூடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பின்களை ஆர்டுயினோவோடு இணைத்து, வலப்பக்க மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பிடபிள்யூஎம் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். முன்சக்கரக் குண்டில் முடி சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரும்பலகை: சதுர பேட்டரி போட்டிருந்தால் பாரம் குறைந்து நேராகப் போயிருக்கும்.

சாலிடர்சாமி: நேராக நின்றிருக்கும்.

வீண்பேச்சு வேண்டாம் சார். சதுர பேட்டரி, எல்298, இரண்டு பிஓ மோட்டார். தரையில் ஒரு முழு பீரியட் ஓட்டி வீடியோ போடுங்கள். நடுவில் பேட்டரி மாற்றக் கூடாது.

கரும்பலகை: எந்தத் தரை? மொசைக்கா, சிமெண்டா? அதைச் சொல்லாமல் பந்தயம் கட்டினால் எப்படி?

ரிச்சித்தெருவாசி: டிபி6612 போட்டால் இரண்டிலும் ஓடும்.

சாலிடர்சாமி: உம்மை யார் கேட்டது?

கரும்பலகை: மொசைக்கா, சிமெண்டா?