கோத்தகிரியில் ஒரு டி4 ஆட்டம்

இந்த செஸ் பேச்சில் எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லோரும் ஈ4-ல், அதாவது ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ஆரம்பித்து மளமளவென்று ஜெயித்த கதைகளாகவே சொல்லியிருக்கிறீர்கள். என்னுடையது டி4, ராணி முன்னால் இருக்கும் சிப்பாயில் ஆரம்பித்தது. மெதுவான ஆட்டம்தான், ஆனால் கோத்தகிரிக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

எதிரே இருந்தவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. டி4, டி5, சி4 என்று குயின்ஸ் கேம்பிட், அதாவது சி4 சிப்பாயை வெட்டிக்கொள் என்று நீட்டும் தொடக்கம். அவர் மந்திரியை ஜி5-ல் வைத்ததும் நான் ராணிப் பக்கக் குதிரையை டி7-ல் வைத்தேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது யானைப் பொறி (எலிஃபன்ட் டிராப்) என்ற கண்ணி. சிப்பாய் மாற்றத்துக்குப் பிறகு என் டி5 சிப்பாய் இனாமாக நிற்பதுபோல் இருக்கும். குதிரையால் அதை வெட்டினால் நானும் குதிரையால் வெட்டுவேன். அவர் மந்திரியால் என் ராணியை எடுப்பார், உடனே பி4-ல் என் மந்திரி செக். தன் ராணியைக் குறுக்கே போடுவதைத் தவிர அவருக்கு வழி கிடையாது. அந்த ராணியும், என் ராணியை எடுத்த மந்திரியும் எனக்கு. கணக்குப் பார்த்தால் எனக்கு ஒரு காய் லாபம். 1848-லேயே பெர்லினில் மாயட் என்ற ஜெர்மன் ஆட்டக்காரர் இதில் மாட்டியிருக்கிறார்.

அண்ணன் சிப்பாயை மாற்றினார், டி5-ஐப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வைங்க தம்பி" என்று சொல்லி ஈ3 ஆடினார்.

அப்புறம்தான் ஆட்டமே. ராணிப் பக்கம் அவருக்கு இரண்டு சிப்பாய், எனக்கு மூன்று. குறைவாக வைத்திருப்பவர் போய் மோதுவாரா? மோதினார். பி4, பி5, பிறகு சி6-ல் வெட்டு. என் சி6 சிப்பாய் துணையில்லாமல் நிற்க, சி வரிசையில் அவர் யானை வந்து உட்கார்ந்தது.

நடுவில் அவர் மஃப்ளர் நுனி பட்டு இரண்டு காய்கள் உருண்டன. தன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, நிதானமாக எடுத்து கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தார். விதியும் அதுதான், தட்டிவிட்டவர் தன் நேரத்தில் சரி செய்ய வேண்டும். ஆனால் யாரும் கேட்காமலே அப்படிச் செய்கிறவர்கள் குறைவு.

கடைசியில் அந்த சி6 சிப்பாய் போனது. நான் எச்3 மந்திரியை ஜி2-ல் பலி கொடுத்தேன். ராஜா வெட்டியதும் ராணியால் ஜி4, எஃப்3 என்று மாறி மாறி செக். அதே நிலை மூன்றாம் முறை வந்ததும் டிரா.

டீயும் வர்க்கியும் வந்தபோது அண்ணன் பலகையை பி4 நிலைக்குத் திரும்ப அடுக்கியிருந்தார். "இங்கேயே நீங்க பி5 போட்டு அடைச்சுட்டு, குதிரையை பி6 வழியா சி4-க்குக் கொண்டு போயிருக்கணும்" என்றார்.