புதுப்பிப்பு: எக்ஸ்சேஞ்ச் 2016-லிருந்து 2019-க்கு மாறியாச்சு

அலுவலக எக்ஸ்சேஞ்ச் 2016 (மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வர்) பக்கத்தில் 2019-ஐ நிறுவியதுமே எல்லோர் அவுட்லுக்கிலும் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது. புது சர்வர் நிறுவும்போதே தன் உள்பெயரை ஆட்டோடிஸ்கவர் முகவரியாக (அவுட்லுக் தன் அமைப்புகளைத் தேடிப் போகும் முகவரி) ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணக்குகள், கணினிகளின் பதிவேடு) பதிந்துவிடுகிறது. எங்கள் சான்றிதழில் அந்தப் பெயர் இல்லை. பழைய முகவரியையே புது சர்வருக்கும் கொடுத்து, சான்றிதழையும் ஏற்றியதும் அடங்கியது.

அஞ்சல்பெட்டிகள் இரவில் சத்தமில்லாமல் நகர்ந்தன. வம்பு செய்தது, ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும் கணக்குப் பிரிவு ஸ்கேனர்தான். அதில் பழைய சர்வரின் ஐபி எண்ணை யாரோ (சரி, நான்தான்) நேரடியாகப் போட்டு வைத்திருந்தேன். எண்ணை மாற்றியும் வெளிமுகவரிக்குப் போகவில்லை, 550 5.7.54 பிழை (வெளிமுகவரிக்கு அனுப்பித்தர சர்வர் மறுக்கிறது என்று பொருள்). ரிசீவ் கனெக்டர் (யாரிடமிருந்து அஞ்சலை ஏற்பது என்ற அமைப்பு) சர்வருக்குச் சர்வர் தனி; புதியதில் மறுபடி உருவாக்கினேன், போனது.

ஆர்பிட்ரேஷன் பெட்டிகள் (எக்ஸ்சேஞ்ச் தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் அஞ்சல்பெட்டிகள்) மட்டும் இன்னும் பழையதில்தான். அவற்றை நகர்த்திய அப்புறம்தான் 2016-ஐ நீக்குவேன்.