உதவி: க்ரீ சொற்பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் வரவில்லை

பக்கக்கோப்பன்:
வணக்கம். கனடாவின் சமவெளி க்ரீ மொழிச் சொற்பட்டியல் ஒன்றை அச்சுக்காகக் கோத்துக்கொண்டிருக்கிறேன். மொழி எனக்குத் தெரியாது. பக்க வடிவமைப்பு மட்டும்தான் என் வேலை. ‘சீபிய்’ என்றால் ஆறு, ‘சீபீஹ்க்’ என்றால் ஆற்றில். அந்த ‘ஹ்க்’ ஈற்றுக்குத் தனி எழுத்து உண்டு: மேலே தூக்கி எழுதிய குட்டிப் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். நான்கு பேர் தட்டச்சு செய்த கோப்புகளை ஒன்றாக்கினேன். இப்போது ‘சீபீஹ்க்’ நான்கு இடங்களில் இருக்கிறது. தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது. எழுத்துருவை மாற்றினால் சில இடங்களில் குறி பெரிதாகிவிடுகிறது. யூனிகோடு இயல்பாக்கமும் (ஒரே எழுத்தை வெவ்வேறு எண்களில் தட்டியிருந்தால் அவற்றை ஒன்றாக்கும் முறை) செய்து பார்த்துவிட்டேன், பலனில்லை.

ஈய எழுத்து:
குறியின் யூனிகோடு எண்ணை, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் தனி எண்ணைப் பாருங்கள். 157டி என்றால் அதுதான் ‘ஹ்க்’. 1541 என்றால் ‘சயிசி யி’ என்ற வேறு எழுத்து. சயிசி டெனே மக்கள் வட மானிடோபாவில் இருப்பவர்கள், க்ரீக்காரர்கள் அல்லர். 166டி என்றால் கிறிஸ்துவைக் குறிக்கும் அடையாளம். மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. நம் ஊரில் ஔவையாரை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டிவிட்டு, தேடினால் கிடைக்கவில்லை என்போமே, அதே கதை.

இயல்பாக்கம் உதவாது. க்ரீ, இனுக்டிடுட், டெனே எனக் கனடாப் பழங்குடி மொழிகளின் எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் போட்டு 1999இல் யூனிகோடு 3.0இல் சேர்த்தார்கள். அதில் எந்த எழுத்தும் இன்னொன்றுக்குச் சமம் என்று வரையறுக்கப்படவில்லை. ‘ஒருங்கிணைந்த’ என்று தொகுதிக்குப் பெயர் வேறு! 1541ஐ எல்லாம் 157டி ஆக்குங்கள்.

பாட்டுப்புத்தகம்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் 166டியை மட்டும் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஞானப்பாட்டு வரி ஏதாவது எடுத்துக்காட்டாக வந்திருந்தால் அங்கே அது கிறிஸ்துவேதான். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பக்கக்கோப்பன்:
இருவருக்கும் நன்றி. முதல் கோப்பில் 157டி, இரண்டாவதில் 1541, மூன்றாவதில் 166டி. பாட்டு வரி ஒன்று உண்மையாகவே இருந்தது, அதைத் தொடவில்லை. மாற்றிய பிறகு மூன்று ‘சீபீஹ்க்’ கிடைத்தன. நான்காவது அப்போதும் பிடிபடவில்லை. எண்ணைப் பார்த்தால், சாதாரண ஆங்கில எக்ஸ். யார் தட்டியது என்று கோப்பின் திருத்த வரலாற்றைத் தேடினேன். போன வாரம் பிழை திருத்தும்போது நானே தட்டியிருக்கிறேன்.